பதினெட்டு வீட்டுக்கு ஒரு காய் மிச்சம்

என் வயசுக்காரிகளே, சாயங்காலம் நம் காலனி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து முட்டிவலியையும் மருமகள்களையும் பேசி முடித்த பிறகு, "நீ உங்க ஊர்க் கதை ஏதாவது சொல்லேன்" என்று என் பக்கம் திரும்புவீர்கள். நானும் எதையாவது சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். இதை மட்டும் சொன்னதில்லை. வாயால் சொன்னால் நடுவில் யாராவது குறுக்கே விழுவீர்கள், நான் விட்ட இடம் மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன். படித்தது மூணாங்கிளாஸ். எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். எண் அப்படி இல்லை. பந்தியைத் தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்து எத்தனை இலை விழுந்திருக்கிறது என்று நான் சொன்னால் அது தப்பாது. உங்களுக்கே தெரியும்.

என் தலைக்குள் இரண்டு எண் குடியிருக்கிறது. ஒன்று இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. மற்றது ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது. முதல் எண் எப்படி உள்ளே வந்தது என்று எனக்கு எப்போதும் தெரியும். இரண்டாவது என்ன கணக்கு என்று போன மாசம்தான் தெரிந்தது. அதிலிருந்து தூக்கம் சரியில்லை.

எங்கள் ஊர் சூளகிரியைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகவேண்டும். இப்போது அங்கே போய் இறங்கினால் ஊர் தெரியாது. கம்பெனிச் சுவர்தான் தெரியும், சுவருக்கு வெளியே வரிசையாக லாரி நிற்கும். நான் சொல்வது அந்தச் சுவருக்குள் மாந்தோப்பு இருந்த காலம். தமிழ் பேசுகிற வீடு, தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு என்று கலந்து பதினெட்டு வீடு. சண்டை என்று வந்தால் மூன்று பாஷையிலும் திட்டிக்கொள்வோம், ஒருவருக்கும் புரியாமல் போகாது.

தோப்பு ஊருக்குப் பொது. வருஷா வருஷம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குத்தகைக்காரர் வந்து காயைப் பறித்துக்கொண்டு போவார். போகும்போது வீட்டுக்கு ஒரு கூடை காய் கொடுப்பார். அந்தக் கூடை வாங்குகிற வீடுதான் ஊர் வீடு. கூடை வாங்காத வீட்டுக்காரர் ஊர்க் கிணற்றில் கயிறு விட முடியாது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் வெற்றிலை எடுக்கமாட்டார்கள், சாவுக்குத் தோள் கொடுக்கமாட்டார்கள். யார் இந்தச் சட்டத்தைப் போட்டது என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. கூடை என்றால் கூடை, அவ்வளவுதான்.

அத்தை வந்தது அந்த வருஷம் தைக்குப் பிறகு. அப்பாவின் ஒரே தங்கச்சி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊருக்கு வீடு கட்ட வந்த ஒரு கன்னடக்காரக் கொத்தனாரோடு எல்லை தாண்டிப் போய்விட்டாள். அங்கே கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள் என்று அத்தை சொன்னாள். ஊர் அதைப் பார்க்கவில்லை என்று ஊர் சொன்னது. கொத்தனார் சாரம் சரிந்து செத்துப்போக, என்னைவிட ஒரு வயசு சின்னவளான மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு திரும்பி வந்தாள். குடத்தின் கழுத்தில் கன்னட எழுத்தில் புருஷன் பேரைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது. அந்த எழுத்தை நான் விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன்.

எங்கள் வீட்டுக்குள் கூப்பிட அப்பாவுக்குத் தைரியம் இல்லை. தோப்பு ஓரத்தில் பழைய ஏற்றக் கிணற்றுக்குப் பக்கத்தில் இடிந்த கொட்டகை ஒன்று இருந்தது. அதில் தங்கிக்கொண்டாள். ஊர்க் கிணற்றங்கரைக்கு வந்து குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். இரக்கப்பட்டவர்கள் மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதி குடத்துக்கு வெளியே போகும்.

"கொஞ்சம் கீழ எறக்கி ஊத்துங்கக்கா" என்பாள்.

"எறக்குனா எம் பானை உங் கொடத்து மேல படும். படட்டுமா?" என்று சிரிப்பார்கள்.

அத்தையும் கூடச் சிரிப்பாள். அழுது நான் பார்த்ததில்லை.

ஊர்க்கவுண்டரிடம் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வருஷம் எனக்கும் ஒரு கூடை கொடுங்கள் என்றாள். பழம் தின்ன அல்ல. கூடை வாங்கிவிட்டால் அவள் வீடும் ஒரு வீடு, கிணற்றில் அவள் கயிறும் ஒரு கயிறு. அவள் மகளை நாளைக்கு யாராவது வந்து பெண் கேட்பார்கள்.

கவுண்டர் நல்லவர். வெடுக்கென்று பேசமாட்டார். "கூடை குடுக்குற அன்னிக்குப் பாக்கலாம்மா. எல்லாரும் இருப்பாங்க, கேட்டுக்கலாம்" என்றார்.

அத்தை மகள் அன்றைக்கே என்னிடம், "எங்களுக்குக் கூடை வந்தா மொத காயி உனக்கு" என்றாள். அவள் பேச்சில் பாதி கன்னடம். வேண்டாம் என்பதற்கு "பேடா" என்பாள். நான் பேடா பேடா என்று அவளைக் கேலி பண்ணுவேன், தலைமுடியைப் பிடித்து இழுப்பாள்.

அந்த வருஷம் பார்த்து, காய் முற்றுவதற்கு முன்னாலேயே ஒரு கோடை மழை ஆலங்கட்டியோடு இறங்கியது. மத்தியானம் இருட்டிவிட்டது. தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். விட்ட பிறகு தோப்புக்குப் போய்ப் பார்த்தால் கால் வைக்க இடமில்லை, தரையெல்லாம் பச்சைக் காய். கிளியின் மூக்கு மாதிரி வளைந்த காயும் உருண்டை நாட்டுக்காயும் பாலொழுகிக் கிடந்தன. அந்தப் புளிப்பு வாசனை இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. குத்தகைக்காரர் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டு, அடிபட்ட காய் எனக்கு வேண்டாம் என்று போய்விட்டார். சரி, மரத்தில் நின்றதையும் பறித்து கூடைக்குப் பதிலாக எல்லாவற்றையும் நாமே எண்ணிப் பங்கு போட்டுக்கொள்வோம், ஊறுகாயோ வற்றலோ அவரவர் பாடு என்று ஊர் முடிவு பண்ணியது. தோப்புக் காய் முழுசையும் ஊரே எண்ணியது அந்த ஒரு வருஷம்தான்.

எண்ணிக்கை என்றால் எங்கள் அப்பாதான். மண்டியில் காய் எண்ணிப் போடுகிற வேலைக்குப் போய் வந்தவர். ஒரு வீச்சுக்கு ஐந்து காய். முதல் வீச்சை ஒன்று என்று சொல்லக்கூடாது, "லாபம்" என்று சொல்லவேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போய் இருபதாவது வீச்சு விழுந்தால் "நூறு" என்று கத்துவார். அவர் கத்தும்போது சட்டிக்குள் ஒரு புளியங்கொட்டை போடவேண்டும். அந்த வேலை எனக்கு. ஊரில் அத்தனை பிள்ளைகள் இருக்க அதை என்னிடம் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டை கூடக் குறைய விழவில்லை. சட்டியில் இருநூற்று எழுபத்தேழு கொட்டை. கடைசியில் நாலு வீச்சும் ஒரு ஒற்றைக் காயும்.

மறுநாள் தெலுங்கு வீட்டுக்காரர் ஒருவர் தன் பாஷையில் எண்ணினார். "லாபம், ரெண்டு, மூடு, நாலுகு" என்று அவர் இழுத்து எண்ணுவது பாட்டு மாதிரி இருக்கும். அவருக்கும் அதேதான் வந்தது. இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. ஆகவே எண்ணிக்கையில் தப்பில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் பல பேர் பலவிதமாகப் பேசினார்கள்.

பங்கு எப்படிப் போடுவது என்று தகராறு வந்தது. பெரிய வகையறாக்காரர், "வகையறாவுக்குப் பாதி பாதி" என்றார். அப்பா கண்ணை மூடித் திறந்து, "பதிமூணாயிரத்து எண்ணூத்தி அறுவது. ஒண்ணு நிக்குது" என்றார்.

"அப்ப தெருவாரியா மூணாப் பிரிங்க" என்றார் கீழத்தெருக்காரர்.

"ஒம்பதாயிரத்து எரநூத்தி நாப்பது. ஒண்ணு நிக்குது."

"அதுக்கும் ஒண்ணா? சரி, வீட்டுக்கு வீடு போட்டுறு. பதினெட்டு வீடு."

"ஆயிரத்து ஐநூத்தி நாப்பது." அப்பா மறுபடி கண்ணை மூடித் திறந்தார். "ஒண்ணு நிக்குது."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றைக்கு வீட்டில் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அப்பா விடாமல் பிரித்துக்கொண்டே இருந்தார். "அஞ்சாப் போட்டா ஐயாயிரத்து ஐநூத்தி நாப்பத்திநாலு. ஒண்ணு நிக்குது. ஏழு ஒருநாளும் எதுலயும் ஒத்து வராதே, ஏழாப் போட்டாலும் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவது, ஒண்ணு நிக்குது. பதினொண்ணுக்கும் ஒண்ணு. பன்னெண்டுக்கும் ஒண்ணு. இப்பிடி ஒரு எண்ண நான் பாத்ததே இல்ல."

"பன்னெண்டோட நிறுத்துங்க. புள்ளைங்க பயப்படுது" என்றாள் அம்மா.

நான் பயப்படவில்லை. எனக்கு அது நன்றாக இருந்தது. எத்தனை பேர் வந்து பிரித்தாலும் யார் கைக்கும் போகாமல் ஒன்று தனியாக நிற்கிறது என்றால், அதற்கு ஏதோ கெத்து இருக்கிறது என்று நினைத்தேன். பயந்தது பெரியவர்கள்.

பங்கு போடுகிற அன்றைக்குத் தோப்பில் பதினெட்டுக் குவியல். நடுவில் ஒரு ஒற்றைக் காய். கிளிமூக்கு. நான் இன்றைக்கும் அதை வரைந்து காட்டுவேன், எனக்கு வரையத் தெரியாது என்பதுதான் குறை. அத்தை வெகு தூரத்தில் ஒரு மரத்தடியில் மகளோடு நின்றாள். கையில் ஒரு காலிக் கூடை. புதுக்கூடை, தானே முடைந்தது.

"கவுண்டரே, எஞ் சங்கதி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இரும்மா. மொதல்ல இது இன்னான்னு பாத்துருவோம்" என்றார் கவுண்டர்.

முனிக்கு விடு என்றார் ஒருவர். தோப்பு எல்லையில் ஒரு நட்டகல் உண்டு, அதுதான் முனி. எதையாவது பிரித்து மிச்சம் நின்றால் அந்தக் கல் முன்னால் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். இது அப்படி விடுகிற மிச்சம் இல்லை, எப்படிப் பிரித்தாலும் நிற்கிற மிச்சம், பூசாரியைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்றார் இன்னொருவர். பூசாரி வந்தார். உடுக்கை அடித்தார். உடம்பு உதறியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கணக்குல வராத ஒண்ணு இந்தத் தோப்புல நிக்குது. அது பங்கு கேக்குது."

அவர் பொய்க்காரர் என்று பின்னாளில் பல பேர் சொன்னார்கள். நான் சொல்லமாட்டேன். அந்த வார்த்தையில் பிசகு இல்லை. அதைக் காதில் வாங்கினவர்கள்தான் பேயைத் தேடினார்கள். கிணற்றில் விழுந்தவளா, பாம்பு கடித்தவனா, சாரம் சரிந்து செத்த கொத்தனாரா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். தூரத்தில் காலிக் கூடையோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

அப்போது அப்பா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குச்சி நின்றது. "ஆயிரத்து நானூத்தி அம்பத்தொம்பது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். முகம் வேர்த்திருந்தது.

"இன்னாப்பா?" என்றார் கவுண்டர்.

அப்பா எழுந்தார். கோட்டைக் காலால் அழித்தார். "ஒண்ணுமில்லீங்க. சும்மா."

காய் முனிக்கல் மேல் போயிற்று. விடியும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, தொட்டவரைத்தான் அந்தப் பேய் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்றார் பூசாரி. அவரவர் குவியலை அவரவர் சுமந்துகொண்டு போனார்கள்.

சாயங்காலம் நான் எங்கள் கன்றுக்குட்டியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். முனிக்கல்லுக்குப் பின்னால் அத்தை மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் உப்புக்கல். கையில் அந்தக் காய். பாதி கடித்துவிட்டாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மென்றாள்.

"ஐயோ, அது முனியோடது! போட்டுடு புள்ள" என்றேன்.

"எல்லாரும் அவங்கவங்க பங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க இல்ல?"

"ஆமா."

"எங்களுக்குப் பங்கு இல்ல இல்ல?"

"இல்ல."

"அப்ப மிச்சம் எங்களுது." வாயைத் துடைத்துக்கொண்டாள். "மொத காயி உனக்குன்னு சொன்னேன் இல்ல? இந்தா, கடி."

எனக்கு வேண்டாம் என்றேன். "பேடா" என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். பல்லெல்லாம் பச்சை நார்.

மாடு ஓட்டி வந்த ஒருவர் எங்களுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தையின் கூடையைப் பற்றிக் கேட்பதற்கே இடமில்லை. பூசாரி சொன்னபடியே, தொட்டவளைப் பேய் பிடித்திருக்கிறது. கொத்தனார்தான் மகள் மேல் வந்து பங்கு தின்றிருக்கிறான். தாயும் மகளும் எல்லையைத் தாண்டவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழையில் ஊரே போகும். கவுண்டர் இதை வருத்தமாகத்தான் சொன்னார். வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை என்றேனே.

எங்கள் வீட்டில் அம்மா வாசலை மறித்து நின்றாள். "நீங்க ஒரு வார்த்த பேசுனா நம்மளையும் சேத்து ஒதுக்குவாங்க. நமக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தங்கச்சியின் மூட்டையைத் தூக்கிவிடப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பெரிய ரோட்டில் ராயக்கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நின்றோம். அஞ்செட்டிக்கு அந்தாண்டை நாட்றாம்பாளையத்தில் புருஷனின் அக்கா மாடு வைத்துப் பிழைக்கிறாள், அங்கே போகிறேன் என்றாள் அத்தை. பித்தளைக் குடத்தை என் பக்கத்தில் வைத்தாள். "இத எடுத்துக்கிட்டு அம்மாந்தூரம் போவ முடியாது. நீ வெச்சுக்கடி. திரும்பி வந்தா வாங்கிக்கிறேன்."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவர் கணக்குப் போடுவதைக் கூட உட்கார்ந்து பார்த்தவள்.

"அண்ணா."

"ம்."

"எங்க வீட்டையும் சேத்துப் போட்டுப் பாத்தியா?"

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். புழுதி கிளப்பிக்கொண்டு பஸ் வருவது தெரிந்தது.

"பாத்தேன்."

"இன்னா வந்துச்சு?"

"ஒண்ணு நிக்குது" என்றார் அப்பா.

அத்தை தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமாயிருந்தது. அண்ணன் கணக்கு தப்பாது. மகளைத் தூக்கிப் படியில் விட்டுத் தானும் ஏறினாள். ஜன்னலிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்து, கடிக்கிற மாதிரி வாயைத் திறந்து காட்டினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. அப்பா ஒரு தடவை நாட்றாம்பாளையம் வரைக்கும் போய் வந்தார். அப்படி யாரும் அங்கே வரவே இல்லையாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ராயக்கோட்டைக்கும் நாட்றாம்பாளையத்துக்கும் நடுவில் எவ்வளவு காடு இருக்கிறது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் மாங்காய் வரவில்லை. வேறு யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். மண்டி வேலையையும் விட்டார். யாராவது எதையாவது பங்கு போடுவதைப் பார்த்தால் அவர் உதடு அசையும். ஆயிரத்து நானூத்தி அம்பத்தொம்பது. மாடு பிடித்துக் கட்டும்போது சொல்வார். தூக்கத்தில் சொல்வார். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது வேறு பேச்சே இல்லை, தண்ணீர் கேட்கக் கூட அந்த எண்தான்.

என் தம்பிகள் இரண்டு பேரும் அது சர்வே நம்பர் என்று முடிவு பண்ணினார்கள். அப்பா எங்கோ நமக்குத் தெரியாமல் நிலம் வைத்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் நிலம் வாங்க வருகிற சமயம் அது. ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தாலுக்கா ஆபீசுக்குப் போய், அங்கே வாசலில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். "அந்த ஊர்ல அத்தனை சர்வே நம்பரே கிடையாதுய்யா. மொத்த ஊரே அதுல கால்வாசிதான்" என்று அங்கே இருந்தவர் சிரித்திருக்கிறார். நாங்களும் வெகுநாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்பா போன பிறகும் சிரித்தோம்.

குடம் என்னோடு புருஷன் வீட்டுக்கு வந்தது. அங்கிருந்து ஓசூருக்கு மாறும்போது சாமான் வண்டியில் எங்கேயோ போயிற்று. ஒரு வாரம் தேடினேன். அந்தப் புள்ளி எழுத்தை இப்போதும் விரல் நுனி அறியும். என்ன பேர் என்று மட்டும் தெரியாது.

நம் தெருவுக்குப் பின்னால் கம்பெனியில் பிரஸ் மெஷின் தட்டிக்கொண்டே இருக்கிறதே, உங்களுக்கெல்லாம் அது தலைவலி. எனக்கு அது எண்ணிக்கை. முதல் தட்டு லாபம். பிறகு ரெண்டு, மூணு. இருபதாவது தட்டுக்கு என் கை தானாகச் சட்டியைத் தேடும்.

எங்கள் மாடியில் குடியிருக்கிற பெண்ணை உங்களுக்குத் தெரியும், திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, செல்போன் பாகம் பண்ணுகிற கம்பெனிக்குப் போகிறவள். என்னை ஆச்சி என்பாள். போன மாசம் ஒருநாள் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கினவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஒரே கூத்து ஆச்சி. ஒரு பீஸ் மிஞ்சிட்டு, லைனையே நிறுத்திட்டாவ."

"ஒண்ணுதானே, தூக்கி ஓரமா போட வேண்டியதுதானே?"

"நல்லா இருக்கே நீங்க சொல்லுதது! காலைல எல்லா மேசைக்கும் சமமா பங்கு பிரிச்சுத்தான் பீஸ் வைப்பாவ. ஒண்ணு மிஞ்சுதுன்னா பீஸ் கூடிட்டுன்னு அர்த்தம் இல்ல ஆச்சி. எங்கயோ ஆள விட்டுட்டாவன்னு அர்த்தம். பாத்தா, கடைசி மேசைல புதுசா வந்த பிள்ள ஒண்ணு வாயத் தொறக்காம உக்காந்திருக்கு. அவள எண்ணவே இல்ல. அவளையும் சேத்துப் பிரிச்சா டாண்ணு வந்துட்டு."

பிரஸ் மெஷின் தட்டிக்கொண்டிருந்தது.

"உம் போன்ல ஒரு கணக்கு போடு" என்றேன். "இருபத்தேழாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணு. அதப் பதினெட்டால பிரி."

"ஆயிரத்து ஐநூத்தி நாப்பது. ஒண்ணு மிச்சம்."

"தெரியும். பத்தொம்பதால பிரி."

அவள் விரல் தட்டியது. "இதுக்கு மிச்சமே இல்ல ஆச்சி. சரியா வந்துட்டு."

"எவ்வளவு?"

"ஆயிரத்து நானூத்தி அம்பத்தொம்பது."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் எப்படி இருந்தேனோ தெரியாது. "என்ன ஆச்சி, என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தோப்பில் குச்சி நின்ற அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. ரோட்டில் தங்கச்சி முகத்துக்கு நேராகக் கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. அவர் ஆயுசில் ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னார் என்றால் அது அந்த ஒன்றுதான். அப்புறம் சரியான விடையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார், கேட்கவேண்டியவள் இல்லாத இடத்தில். அவரை நான் என்ன சொல்வது? அம்மா வாசலை மறித்தது எங்கள் இரண்டு பேருக்காக. அதில் ஒருத்தி நான். ஊர் வீட்டுப் பெண் என்று பேர் வாங்கி, வெற்றிலை எடுத்து, கல்யாணம் பண்ணி, இதோ உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டே மீதியை நானே போட்டேன், போன் தேவைப்படவில்லை. ஒவ்வொரு குவியலிலிருந்தும் எண்பத்தொரு காய் எடுத்திருந்தால் போதும். எண்பத்தொன்று, ஒரு சின்னக் கூடை. அதை எடுத்தால் எவன் குவியலும் குறைந்ததாகத் தெரிந்திருக்காது. பதினெட்டு வீட்டுக் கூடையையும் அத்தையின் மரத்தடியில் கொட்டினால் ஆயிரத்து நானூற்று ஐம்பத்தெட்டு. ஒன்று குறையும். அந்த ஒன்றுதான் முனிக்கல் மேல் இருந்தது.

உப்புக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தின்றது அவள் பங்கில் கடைசிக் காய். மற்றது ஒன்றும் அவளுக்கு வரவில்லை. அதிலும் பாதியை என்னிடம் நீட்டினாள்.